தன் மருந்தையே சோதனைத் தட்டில் வைத்தவர்: சார்லஸ் ஹைடல்பெர்கர் பற்றிப் பேசுவோம்

#1 நுண்ணோக்கி

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர், "கீமோ மருந்தெல்லாம் குருட்டாம்போக்கில் கிடைத்தவைதானே" என்று எழுதியிருந்தார். நைட்ரஜன் மஸ்டர்டு என்ற ஆரம்பகாலக் கீமோ மருந்து விஷவாயு ஆராய்ச்சியின் வழியே வந்தது, அதனால் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 5-ஃப்ளூரோயுராசிலையும் (நம் வார்டுகளில் 'ஃபைவ் எஃப்.யூ') அதே கணக்கில் சேர்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதன் பின்னால் இருந்தவரின் வேலையோடு என் இளமைக்கால ஆய்வகத்துக்கு நேரடி உறவு உண்டு. அதனால்தான் இந்தத் தனி இழை.

சார்லஸ் ஹைடல்பெர்கர் 1920 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா மைக்கேல் ஹைடல்பெர்கர், நோயெதிர்ப்பு வேதியியலுக்கு அடித்தளம் போட்டவர். மகன் 1946இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு பெர்க்லிக்குப் போய் மெல்வின் கால்வினிடம் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கையாளக் கற்றார். 1948இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மக்ஆர்டில் ஆய்வகத்தில் சேர்ந்து 28 வருடம் மேடிசன் ஊரிலேயே இருந்தார். அங்கே அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்களைப் பாருங்கள்: ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி, வான் பாட்டர், பிறகு ஹோவர்டு டெமின். புற்றுநோய் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது ஒரு தனி ஊர்.

அங்கே அவர் முதலில் எடுத்தது மருந்தே இல்லை, நஞ்சு. டைபென்ஸ்ஆந்த்ரசீன் என்ற ஒரு ஹைட்ரோகார்பன். கலப்பில்லாத ஒரே வேதிப்பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1930இல் லண்டனில் கென்னவே குழு காட்டியது இதை வைத்துத்தான். ஹைடல்பெர்கர் அதற்குள் கார்பன்-14ஐ வைத்துச் செய்தார். எலியின் தோலில் தடவினால் அது எங்கே போகிறது, எதோடு ஒட்டிக்கொள்கிறது என்று பின்தொடர்ந்து பார்க்க முடிந்தது.

1954இல் ரட்மன், கான்டரோ, பாஷ்கிஸ் மூவரும் ஒன்றைக் கவனித்தார்கள். எலியின் கல்லீரல் கட்டி, சாதாரணத் திசுக்களைவிட அதிகமாக யுராசிலை (ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருட்களில் ஒன்று) இழுத்துப் பயன்படுத்துகிறது. பலர் படித்துவிட்டுக் கடந்துபோன செய்தி. ஹைடல்பெர்கர் அதில் ஒரு வாசலைப் பார்த்தார்: கட்டிக்கு யுராசில் பசி இருக்கிறது என்றால், யுராசில் போலவே இருக்கும் ஆனால் செரிக்காத ஒன்றை ஊட்டினால் என்ன? 1957இல் 'நேச்சர்' இதழில் ஃப்ளூரினேற்றிய பிரிமிடின்கள் (யுராசில் சேர்ந்த குடும்பம்) பற்றிய கட்டுரை வந்தது. 1962இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு கை புற்றுநோயை உண்டாக்கும் பொருளில், இன்னொரு கை அதைக் கொல்லும் பொருளில். இரண்டும் ஒரே கேள்விதான் என்று நான் நம்புகிறேன். அவர் ஆய்வகத் தட்டில் வளர்த்த 10டி½ என்ற எலிச் செல்களைப் பற்றிப் பேச்சு வரும்போது அதைச் சொல்கிறேன்.

#2 பிஃபார்ம்_மூன்றாமாண்டு

ஐயா, பாடத்தில் இதை 'ஆன்டிமெட்டபாலைட்', அதாவது செல்லின் சொந்தப் பொருள் போல நடிக்கும் மருந்து, என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஏன் குறிப்பாக ஃப்ளூரின்? குளோரின் வைத்தால் ஆகாதா? அப்புறம் அந்த 10டி½ என்ற பெயரில் இருக்கும் அரை என்ன அரை?

#3 வேதிவாசி

ஃப்ளூரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஐயா மன்னிக்க வேண்டும்.

அசெட்டிக் அமிலம் வினிகரில் இருப்பது, சோற்றோடு சாப்பிடலாம். அதில் ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளூரினை வைத்தால் ஃப்ளூரோஅசெட்டிக் அமிலம். எலிப்பாஷாணமாகப் பயன்பட்ட கடும் விஷம். செல் அதை அசெட்டிக் அமிலம் என்று நம்பி உள்ளே எடுத்து, தன் கையாலேயே விஷமாகச் சமைத்துக்கொள்கிறது. ஹைடல்பெர்கருக்கு ஃப்ளூரின் மேல் கண் விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

ஃப்ளூரின் அளவில் ஹைட்ரஜனைவிடச் சற்றுதான் பெரியது, அதனால் என்சைமுக்கு வித்தியாசம் தெரியாது. குளோரின் அதைவிட நன்றாகப் பெரியது. இன்னொன்று, கார்பனும் ஃப்ளூரினும் பிடித்த பிடி லேசில் விடாது.

இனி நடப்பதைப் பாருங்கள். டிஎன்ஏ கட்ட தைமின் வேண்டும். தைமிடிலேட் சின்தேஸ் என்ற என்சைம், யுராசில் உள்ள ஒரு மூலக்கூறின் ஐந்தாம் இடத்தில் மீதைல் என்ற சின்னக் கார்பன் தொகுதி ஒன்றைப் பொருத்தித் தைமினாக்குகிறது. பொருத்தி முடிக்க அந்த இடத்து ஹைட்ரஜன் வெளியே போயாக வேண்டும். நம் ஆள் 5-எஃப்.யூ வந்தால் அங்கே ஃப்ளூரின் உட்கார்ந்திருக்கிறது. என்சைம் பிடித்துவிட்டது, அதற்கு உதவும் ஃபோலேட் என்ற வைட்டமினின் துணையும் வந்துவிட்டது, ஆனால் ஃப்ளூரின் நகராது. மூன்றும் ஒன்றோடொன்று கோத்தபடி அப்படியே நின்றுவிடும். பூட்டுக்குள் சாவி உடைந்து மாட்டிக்கொண்ட மாதிரி. தைமின் இல்லாமல் டிஎன்ஏ இல்லை, பெருகிக்கொண்டிருக்கும் செல் செத்துப்போகும்.

லூகோவோரின் சேர்த்துக் கொடுப்பதும் இதற்காகத்தான். அது ஃபோலேட் வகை, அந்தக் கோர்ப்பு இன்னும் இறுகும்.

#4 கேள்விக்குறி

விளக்கம் அருமை. ஆனால் ஒருவரை மட்டும் தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. யுராசில் கவனிப்பு ரட்மன் குழுவுடையது. மூலக்கூறைத் தயாரித்தவர் நியூ ஜெர்சி நட்லியில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ராபர்ட் டுஷின்ஸ்கி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் மேடிசனின் ஆன்டனி கரேரியும் ஃபிரெட் ஆன்ஸ்ஃபீல்டும். 'யோசித்துச் செய்த மருந்து' என்பதும் பாதிதான் உண்மை. கட்டி மட்டும் இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். உண்மையில் வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாமே அடி வாங்குகின்றன.

#5 நுண்ணோக்கி

நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் சரி. அவற்றை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். 1957 கட்டுரையிலேயே ஒன்பது பேர் இருக்கிறார்கள். இரண்டாவது பெயர் சௌதுரி, நம் நாட்டுப் பெயர். டுஷின்ஸ்கியும் அதில் உண்டு.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டியின் பசி என்ற செய்தியையும் ஃப்ளூரோஅசெட்டிக் அமிலத்தின் விஷத்தையும் ஒரே தாளில் வைத்து, இன்ன மூலக்கூறைச் செய்து தாருங்கள் என்று நிறுவனத்தின் கதவைத் தட்டியவர் அவர். அந்தக் காலத்தில் பலர் ஆயிரக்கணக்கான பொருட்களை எலிக்கு ஏற்றி எது வேலை செய்கிறது என்று சலித்துக்கொண்டிருந்தார்கள். இவர் சலிக்கவில்லை. இப்படி இருந்தால் இப்படி நடக்கும் என்று முதலில் சொன்னார், பிறகு செய்தார். கட்டிக்கு மட்டும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது உண்மைதான். அப்படியும் மருந்து வேலை செய்தது, ஏன் செய்கிறது என்று தேடுவதை அவர் கடைசிவரை விடவில்லை.

#6 மகன்_ஒருவன்

நான் சயின்ஸ் படிச்சவன் இல்ல. முதல் பதிவுல எஃப்.யூன்னு பாத்ததும் கை நடுங்கிடுச்சு, அதான் எழுதறேன்.

அப்பாவுக்குப் பெருங்குடல்ல கட்டி. ஆபரேஷன் முடிஞ்சு எஃப்.யூ முதல் சைக்கிள். ஏழாவது நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. எட்டாம் நாள் காலைல வாயைத் திறந்து காட்டினாரு, உள்ளே தோல் உரிஞ்ச மாதிரி செக்கச்செவேல்னு. கஞ்சி வேணாம், தண்ணி வேணாம்னு கையை ஆட்டினாரு. எச்சில் முழுங்கறதுக்குக்கூடத் தலையணையைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குவாரு. அப்புறம் பேதி, வெள்ளையணு சரிஞ்சு ஐசியு. பதினோரு நாள். 'சிலருக்கு இந்த மருந்து உடம்புல உடையாது, அதுக்கு டெஸ்ட் இருக்கு'ன்னு எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லல. பிழைச்சு வந்துட்டாரு, அது கடவுள் புண்ணியம். ஆனா இதைக் கண்டுபிடிச்சவரைப் பத்தி எல்லாரும் சந்தோஷமா பேசறதைப் பாக்கும்போது, எனக்கு அந்தத் தலையணைதான் ஞாபகம் வருது.

#7 வார்டு_அக்கா

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். பதினெட்டு வருஷமா புற்றுநோய் வார்டுலதான் வேலை. அந்த எட்டாம் நாள் வாயை நான் நிறையப் பாத்திருக்கேன்.

கல்லீரல்ல டிபிடின்னு ஒரு என்சைம். உள்ளே போற எஃப்.யூவுல நூத்துக்கு எண்பதுக்கு மேல அதுதான் உடைச்சு வெளியேத்துது. ரத்தத்துல அந்த மருந்து பாதியாக் குறைய பத்து இருபது நிமிஷம்தான். சிலருக்குப் பிறவியிலேயே அந்த என்சைம் குறைவு. அவங்களுக்கு வழக்கமான டோஸே பல மடங்கு டோஸ் மாதிரி. 1993ல ஜப்பான்ல, அக்கிப்புண்ணுக்கு சோரிவுடின்னு ஒரு மருந்து வந்துச்சு. அது டிபிடியை முடக்கிடும்னு தெரியாம எஃப்.யூ வகை மருந்து சாப்பிட்டவங்களுக்கும் கொடுத்து, கொஞ்ச நாள்லேயே பத்துப் பேருக்கு மேல இறந்துட்டாங்க.

2020லேருந்து ஐரோப்பாவுல சிகிச்சைக்கு முன்னாடி டிபிடி டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க. இங்கே கேட்டா பல இடத்துல வெளி லேபுக்கு அனுப்பி எடுக்கலாம். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. ஜீன் டெஸ்ட்ல வழக்கமாப் பாக்கற நாலு மாற்றமும் ஐரோப்பியர்களை வெச்சு எடுத்தது. நமக்கு நார்மல்னு வந்தாலும் முதல் சைக்கிள்ல கண்ணை எடுக்கக் கூடாது. மாத்துமருந்தும் இருக்கு, யுரிடின் ட்ரைஅசெட்டேட், 2015ல அமெரிக்காவுல அனுமதி. மருந்து முடிஞ்சு 96 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். எட்டாம் நாள் வாயைப் பாத்து ஆரம்பிச்சா அது லேட்.

ஐஸ் கட்டி விஷயம் கேக்கறவங்களுக்கு: எஃப்.யூவை ஒரே ஊசியாப் போடறப்போ, அஞ்சு நிமிஷம் முன்னாடியே வாய்ல ஐஸ் வெச்சு அரை மணி நேரம் உருட்டிக்கிட்டே இருந்தா புண் குறையும். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கி மருந்து வாய்க்கு வர்றது குறையும். ஆனா ஆக்ஸாலிபிளாட்டின்னு இன்னொரு கீமோ மருந்து சேர்த்துப் போடறவங்களுக்கு ஐஸ் கொடுக்காதீங்க. சில்லுனு தொட்டாலே தொண்டை அடைக்கற மாதிரி ஆயிடும். 46 மணி நேரம் பம்ப் போட்டு வீட்டுக்கு அனுப்பறவங்கள்ல நிறையப் பேர் அந்த வகைதான். உங்க டாக்டர்கிட்ட எதுன்னு கேட்டுக்கங்க.

#8 நுண்ணோக்கி

மகன்_ஒருவன் அவர்களே, உங்கள் பதிவுக்குப் பிறகு இந்த இழையை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. ஹைடல்பெர்கரின் வேலையில் நான் பெரிதாக மதிக்கும் பகுதி, நீங்கள் எழுதியதற்கு மிக அருகில் இருக்கிறது.

1960களில் பெரிய வாக்குவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேதிப்பொருள் சாதாரணச் செல்லைப் புற்றுச்செல்லாக மாற்றுகிறதா, இல்லை ஏற்கெனவே ஒளிந்திருக்கும் புற்றுச்செல் வளர இடம் ஒதுக்கிக் கொடுக்கிறதா? எலியை வைத்து இதைத் தீர்க்க முடியாது, உள்ளே கோடிக்கணக்கான செல்கள். 1970இல் ஹைடல்பெர்கரும் சுக்தேப் மண்டலும் எலியின் புராஸ்டேட் செல்களை ஒற்றை ஒற்றையாகப் பிரித்து, மீதைல்கொலாந்த்ரீன் என்ற புற்றுநோய்ப் பொருளைக் கொடுத்து வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த சந்ததிகளில் எல்லாவற்றிலுமே மாற்றம் வந்தது. அந்தப் பொருள் படாதவற்றில் மிகச் சிலவற்றில்தான். ஒளிந்திருந்த புற்றுச்செல் என்று சொல்ல அதற்குப் பிறகு இடமில்லை.

1973இல் ரெஸ்னிகாஃப், பிராங்கோ ஆகியோருடன் சேர்ந்து சி3எச் என்ற எலி வகையின் கருவிலிருந்து 10டி½ செல்வரிசையை (தட்டில் தொடர்ந்து வளர்க்கக்கூடிய செல்கள்) நிலைப்படுத்தினார். நான் கை வைத்தது இதில்தான். தட்டின் அடியில் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவும், பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பெருகுவதை நிறுத்திவிடும். அவ்வளவு ஒழுக்கம். சோதிக்க வேண்டிய பொருளை ஒரு நாள் கொடுத்துக் கழுவிவிட்டு, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். நடுவில் செல் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். அதில் கலக்கும் சீரம் பேட்ச் சரியில்லை என்றால் ஆறு வாரமும் வீண், அதனால் நல்ல பேட்ச் கிடைத்தால் மொத்தமாக வாங்கி உறையவைத்து பூட்டி வைப்போம். கடைசியில் ஜிம்சா சாயம் ஊற்றிக் கழுவி, தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால் வெளிர்நீலத் தரையில் கருநீலப் புள்ளி ஒன்று தெரியும். நுண்ணோக்கியில் அந்த இடத்தில் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். மூன்றாம் வகைக் குவியம் என்போம். அந்தச் செல்லை எலிக்குள் வைத்தால் பெரும்பாலும் கட்டி வரும். முதல்முறை ஒன்றைப் பார்த்தபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன்.

இனி நான் சொல்ல வந்தது. 1976இல் பீட்டர் ஜோன்ஸ் முதலானவர்களோடு ஹைடல்பெர்கர் இதே தட்டில் ஃப்ளூரோடிஆக்ஸியுரிடினை வைத்தார். அது 5-எஃப்.யூவின் நேர் தம்பி, அவருடைய குடும்பத்து மருந்து. குவியங்கள் வந்தன. தான் கொடுத்த மருந்துக் குடும்பத்தில் ஒன்று தட்டில் செல்லைப் புற்றுச்செல்லாகத் திருப்புகிறது என்று அவரே தன் பெயரைப் போட்டு அச்சிட்டார். இதனால் 5-எஃப்.யூ மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'வகைப்படுத்தப் போதிய ஆதாரமில்லை' என்ற மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. நான் பார்ப்பது அவர் கேட்ட கேள்வியை. புகழும் காப்புரிமையும் கையில் இருந்தபோது, தட்டின் முன் உட்கார்ந்து 'என் மருந்து என்னவெல்லாம் செய்யும்' என்று கேட்டார்.

அப்பாவின் தலையணையை மறந்துவிடாத கேள்வி அது. உங்களுக்கு அந்த எட்டாம் நாளுக்கு முன்பே யாராவது அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

#9 மகன்_ஒருவன்

ஐயா, நன்றி. இதைப் படிச்சுட்டு அப்பாகிட்டச் சொன்னேன். 'அவரே சோதிச்சாரா' ன்னு ரெண்டு தடவை கேட்டாரு.

#10 கேள்விக்குறி

1976 செய்தி எனக்குத் தெரியாது. என் முதல் பதிவின் தொனியைக் குறைத்துக்கொள்கிறேன்.

நேர்மையாக இதையும் பதிவு செய்ய வேண்டும். புற்றுநோய்ப் பொருள் செல்லில் எதைப் பிடிக்கிறது என்ற கேள்வியில் அவர் நெடுங்காலம் புரதத்தின் பக்கம் நின்றார். 1956இல் மோல்டன்ஹாவருடன் சேர்ந்து எலித்தோல் புரதத்தோடு ஒட்டும் அளவுக்கும் வீரியத்துக்கும் உறவு உண்டு என்று காட்டினார். 1964இல் ப்ரூக்ஸும் லாலியும் டிஎன்ஏவோடு ஒட்டும் அளவு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டியதும் காற்று திசை மாறியது. பிறகு ஹைட்ரோகார்பன் உடலுக்குள் எந்த வடிவத்தில் ஆபத்தாகிறது என்று தேடியபோது, அவர் குழுவும் மூலக்கூறின் 'கே பகுதி' என்ற இடத்தில் ஆக்சிஜன் ஏறிய எபாக்சைடுகளைத் தட்டில் வைத்து செல் மாறுவதைக் காட்டினார்கள். ஆனால் பென்சோபைரீனில் உண்மையான குற்றவாளி வேறு முனையில் உருவாகும் டையால் எபாக்சைடு என்று 1974இல் சிம்ஸ் குழு சொன்னது. சிகரெட் புகையில் இருக்கும் அதே பென்சோபைரீன். 1996இல் அது புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில், நுரையீரல் புற்றில் அடிக்கடி சிதையும் அதே இடங்களில் போய் ஒட்டுகிறது என்று தெரியவந்தது.

#11 நுண்ணோக்கி

சரியாகச் சொன்னீர்கள். அந்த எபாக்சைடு வேலையில் சிம்ஸும் அவரோடு சேர்ந்தவர்தான், 1971 கட்டுரையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. சேர்ந்து தேடினார்கள், ஒருவர் அடுத்த வளைவில் முந்திப்போனார். தட்டு இருந்ததால்தான் எது சரி, எது தவறு என்று பார்க்க முடிந்தது.

அவருடைய கடைசி வருடங்கள்: 1976இல் மேடிசனை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையத்துக்குப் போனார். 1983 ஜனவரியில், 62 வயதில், புற்றுநோயில்தான் இறந்தார். அப்பா மைக்கேலுக்கு அப்போது 94. அவர் 1991 வரை, 103 வயது வரை இருந்தார்.

#12 வேதிவாசி

அவர் 1960களில் செய்த இன்னொரு மூலக்கூறை யாரும் சொல்லவில்லையே, ட்ரைஃப்ளூரிடின். ஒரு ஃப்ளூரினுக்குப் பதில் மூன்று ஃப்ளூரின் உள்ள மீதைல். உடம்பில் ஒரு என்சைம் அதைச் சட்டென்று உடைத்துவிடுவதால் புற்றுநோய் மருந்தாக ஓரம் கட்டப்பட்டது. கண் மருத்துவர் ஹெர்பர்ட் காஃப்மனும் அவரும் 1964இல் ஹெர்பீஸ் கண் நோய்க்கு அது பலன் தரும் என்று காட்டினார்கள், பிறகு கண் சொட்டாக வந்தது. பல ஆண்டு கழித்து, உடைக்கும் அந்த என்சைமைத் தடுக்கும் டிபிராசிலைச் சேர்த்து ஜப்பானில் மாத்திரையாக்கினார்கள். 2014இல் ஜப்பானில் அனுமதி, அடுத்த வருடம் அமெரிக்காவில். அவர் போய் 31 வருடம் கழித்து, அதே பெருங்குடல் புற்றுக்கு.

#13 வார்டு_அக்கா

அந்த மாத்திரை எங்க வார்டுல இப்பவும் ரெண்டு பேர் சாப்பிடறாங்க. அட்டையைத் தினமும் எண்ணிப் பாக்கற எனக்கு, அதுவும் இவர் செஞ்சதுன்னு இன்னைக்குத்தான் தெரியும்.

#14 பிஃபார்ம்_மூன்றாமாண்டு

ஐயா, எல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த அரை?

#15 நுண்ணோக்கி

மறந்தே போனேன், மன்னியுங்கள். இதற்கு முன் 3டி3 என்று ஒரு செல்வரிசை இருந்தது, 1963இல் டொடாரோவும் கிரீனும் செய்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்று, ஒவ்வொரு தட்டிலும் மூன்று லட்சம் செல் போடு, அதனால் அந்தப் பெயர். நடுவில் இருக்கும் 'டி' மாற்றுவதைக் குறிக்கும். ஹைடல்பெர்கர் ஆய்வகத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினார்கள். தட்டுக்குப் போட்டது ஐம்பதாயிரம் செல். நம் கணக்கில் அரை லட்சம்.